ஒன்பது புள்ளி பூஜ்யம்

மேட்டுக்கொட்டாய் மடம்
24 நவம்பர் 2024

இயேசுவில் பாசமுள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை பிலோமினா நலமாக இருக்கிறேன். அம்மாவின் முட்டிவலி இந்தக் குளிரில் எப்படி இருக்கிறது? வியாழக்கிழமை நவநாளுக்குக் கோவில் வரை நடந்தே போகிறார்களாமே. விவேக் நகரில் ஆட்டோவுக்கா பஞ்சம்? அதட்டி ஏற்றி அனுப்பு.

ஒரு நல்ல செய்தி. எங்கள் ஆஸ்பத்திரியில் பச்சைக்குழந்தை வார்டுக்குப் புது சிரிஞ்ச் பம்ப்கள் வந்திருக்கின்றன. பெட்டியைப் பிரித்தால் பக்கவாட்டில் உன் கம்பெனியின் பெயர். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வார்டு முழுக்கச் சொல்லிவிட்டு, பிறகு பெருமையும் பாவம்தான் என்று நினைவு வந்து மதரிடம் போய் ஒப்புக்கொண்டேன். மதர் சிரித்துவிட்டார்.

எடை குறைந்து பிறக்கிற குழந்தைக்கு மருந்தை ஒரேயடியாக ஊசியில் ஏற்ற முடியாது. பம்ப்தான் துளியிலும் துளியாக, நாள் முழுக்கச் செலுத்தும். அதன் சின்னக் கண்ணாடியில் எரிகிற எண்ணைப் பார்த்துத்தான் நாங்கள் வேலை செய்கிறோம். நீ அதில் எதைச் சரிபார்க்கிறாய்? எனக்குப் புரியும்படி எழுது.

ஜூன் மாதம் திரு இருதய ஆண்டவர் திருநாளில் எனக்கு நித்திய வார்த்தைப்பாடு. அதன் பிறகு சாகும்வரை இந்த அங்கிதான். அந்த நாளை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்தான். அம்மாவிடம் சொல்.

செபத்தில் உன்னை மறக்காத,
பிலோ


விவேக் நகர், பெங்களூரு
8 டிசம்பர் 2024

அன்புத் தங்கை பிலோவுக்கு,

முதலில் மதர் அவர்களுக்கு என் வணக்கம். உறையைப் பிரித்துப் படிப்பது தாங்கள்தானே, பிறகுதானே அவள் கைக்குப் போகும். தாங்கள் நலமா மதர்? சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா?

இனி உனக்கு. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மா ஆட்டோவில் போகிறார்கள், போகும்போது மட்டும். வரும்போது நடந்து வந்து அந்தக் காசை உண்டியலில் போட்டதாகச் சொல்கிறார்கள். யார் அதட்டுவது?

என் வேலையைக் கேட்டாய். ஒன்றை மூன்றால் வகுத்தால் புள்ளி மூன்று மூன்று மூன்று என்று முடியாமல் போகும் இல்லையா? கம்ப்யூட்டருக்குப் பத்தில் ஒன்றே அப்படித்தான். புள்ளி ஒன்று என்று நாம் கொடுத்தால் அது தன்னால் முடிந்த அளவு பக்கத்தில் ஓர் எண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வாலில் கொஞ்சம் தூசியோடு. அந்த எண்ணை மனிதர் படிக்கிற டெசிமலாக, எத்தனை இலக்கம் வேண்டுமானாலும் நீளக்கூடியதாக மாற்றித் தருகிற ஒரு பகுதி பம்புக்குள் இருக்கிறது. அதைச் சோதிப்பவன் உன் அண்ணன். வாய்க்கு வந்த எண்களையெல்லாம் லட்சக்கணக்கில் உள்ளே அனுப்புவேன். டெசிமலாக மாறி, அங்கிருந்து பழையபடி திரும்பி வர வேண்டும். போன எண்ணே திரும்பி வந்தால் பாஸ். ஒரு மயிரிழை மாறினாலும் பெயில். இதுவரை ஒன்றுகூட மாறியதில்லை.

அதனால் பம்ப் தப்பு காட்டுமோ என்ற கவலை உங்கள் வார்டில் யாருக்கும் வேண்டாம். தப்பு செய்வது எப்போதும் பட்டனை அழுத்துகிற விரல்தான்.

ஜூனுக்கு அம்மா இப்போதே வேன் பேசிவிட்டார்கள். தெருவே கிளம்பி வரும் போலிருக்கிறது, மடத்தில் அரிசி போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் அண்ணன்,
கிளெமென்ட்


மேட்டுக்கொட்டாய்
21 ஜனவரி 2025

இயேசுவில் பாசமுள்ள அண்ணனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமா? ஜனவரி திருவிழாவுக்குக் கூட்டம் நிறைய என்று கேள்விப்பட்டேன்.

இங்கே கிறிஸ்துமஸ் அமைதியாகப் போனது. அதற்கு முந்தின வாரம் வார்டில் ஒரு குழந்தை இறந்துவிட்டது. ஆண் குழந்தை. தேறி வந்துகொண்டிருந்தது, டாக்டர் மருந்தைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லியிருந்தார்.

நான் இப்போது சமையற்கட்டில் இருக்கிறேன். ஒரு மாறுதலுக்காக. காய் நறுக்குவதில் கை பழகிவிட்டது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மருந்தின் அளவு மிகச் சிறியதாக ஆகும்போது, அந்தப் பம்ப் கண்ணாடியில் திடீரென்று பெரிய எண் காட்ட வாய்ப்பு உண்டா? இங்கே ஒரு சிஸ்டர் அப்படிப் பார்த்ததாகச் சொல்கிறார். ஒன்பது என்று காட்டியதாம். குழந்தைக்கு மருந்து வெள்ளமாகப் போகிறது என்று பயந்து பம்பை நிறுத்திவிட்டார். இதயத்தைத் தாங்கிப் பிடிக்கிற மருந்து அது, திடீரென்று நின்றதில்தான் குழந்தை போனது. டாக்டர் வந்து பம்பின் பதிவை எடுத்துப் பார்த்தபோது அளவு சரியாகவே இருந்தது. அந்த சிஸ்டர் மட்டும் ஒன்பது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

பிலோ


விவேக் நகர்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள பிலோவுக்கு,

மதருக்கு வணக்கம், உனக்கு ஆசி. நாங்கள் சுகம். அம்மா உனக்கு முறுக்கு சுற்றி வைத்திருக்கிறார்கள், மடத்தில் பங்கு போடாமல் சாப்பிடுவாய் என்றால் அனுப்புகிறேன்.

குழந்தை விஷயம் கேட்டு மனசு கனத்தது. ஆனாலும் நீ கேட்டதற்கு உள்ளதைச் சொல்கிறேன். வாய்ப்பே இல்லை. சந்தேகத்துக்கு ஒரு முறை என் சோதனையை மறுபடி ஓட்டினேன், சிறிய எண்களாகவே கொடுத்து. எல்லாம் பாஸ். பக்கத்து சீட் டிரேவரிடம் கேட்டேன். "என்ன மேன், லாக்ல சரியா இருக்குன்னு நீயே சொல்ற. அப்புறம் என்ன? அந்தம்மா தூங்கி வழிஞ்சிருக்கும்" என்றான். எனக்கும் அப்படித்தான் படுகிறது. பாவம், கண்ணாடி போடுகிறவரா? டாக்டரிடம் காட்டச் சொல். இல்லாவிட்டால் வார்டை விட்டுக் கொஞ்ச நாள் தள்ளி வைப்பது அவருக்கும் நல்லது, குழந்தைகளுக்கும் நல்லது.

அது இருக்கட்டும், உன்னை எதற்குச் சமையற்கட்டில் போட்டார்கள்? நீ வைத்த ரசத்தை மதர் ஒரு நாள் குடித்தால் மறுநாளே வார்டுக்கு அனுப்பிவிடுவார்.

உன் அண்ணன்,
கிளெமென்ட்


மேட்டுக்கொட்டாய்
23 பிப்ரவரி 2025

இயேசுவில் பாசமுள்ள அண்ணனுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதியதை அந்த சிஸ்டர் படித்தார். இனி ஒன்பது என்று சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறார். எண்களைப் பற்றி அவரைவிட உனக்குத் தெரியும்.

மார்ச் ஐந்தாம் தேதி சாம்பல் புதன். தவக்காலத்தில் இங்கே யாரும் கடிதம் எழுதுவதில்லை, வருகிற கடிதங்களையும் பிரிக்காமல் பேழையில் போட்டு ஈஸ்டர் வரை பூட்டி வைப்பார்கள். உனக்குத் தெரிந்ததுதான். பதில் வரவில்லை என்று அம்மா கலங்க வேண்டாம்.

வேனுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் நடக்குமா என்று தெரியவில்லை.

எனக்காக வேண்டிக்கொள்.

பிலோ


விவேக் நகர்
2 மார்ச் 2025

பிலோ,

இது உனக்குச் சாம்பல் புதனுக்கு முன் கிடைக்குமோ கிடைக்காதோ தெரியவில்லை. ஏன் நடக்காது? வேனை ஏன் வேண்டாம் என்கிறாய்? அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ராத்திரியெல்லாம் உன் கடிதங்களை எடுத்துப் படித்துப் பார்த்தேன். வார்டிலிருந்து சமையற்கட்டு. ஒரு சிஸ்டர், ஒரு சிஸ்டர் என்றே எழுதியிருக்கிறாய், பெயரே இல்லை.

நீதானா அது?

நீதான் என்றால், நான் தூக்கக் கலக்கம் என்று எழுதினேனே, கண்ணாடி போடுகிறவரா என்று கேட்டேனே. அதையெல்லாம் நீ மதருக்கு எதிரே உட்கார்ந்து படித்தாயா?

உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு வரி எழுது.

கிளெமென்ட்


விவேக் நகர்
16 மார்ச் 2025

பிலோ,

அம்மா சுகம். நான் சுகமில்லை.

போன வாரம் எங்கள் லேபிலிருந்து ஒரு பம்பை என் மேசைக்கு எடுத்து வந்தேன். இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட நான் அதைச் செய்ததில்லை. என் சோதனைக்குப் பம்பே தேவையில்லை, எண்கள் உள்ளே போய் எண்கள் வெளியே வரும், பச்சை விளக்கு எரியும், நான் டீ குடிக்கப் போவேன். இந்த முறை உங்கள் டாக்டர் செய்ததைப் போலக் கையால் மருந்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். 0.0012 என்று காட்டியது. பிறகு 0.0011. பிறகு 0.001. இன்னும் ஒரு படி இறக்கினேன். கண்ணாடியில் 9.0 என்று நின்றது.

டிரேவரைக் கூப்பிட்டேன். அவன் பார்த்துவிட்டு, "ஏய், ஒம்போதுன்னு காட்டுது மேன்" என்றான்.

நடப்பது இதுதான். ஆயிரத்தில் ஒன்றுக்குக் கீழே போனதும் எங்கள் டெசிமல் தன்னைச் சுருக்கி எழுதிக்கொள்கிறது: 9.0E-4. ஒன்பதை எடுத்துப் புள்ளியை நான்கு இடம் முன்னால் தள்ளிக்கொள் என்று அதற்கு அர்த்தம். மதிப்பு அதே 0.0009தான். ஆனால் பம்பின் கண்ணாடியில் இலக்கமும் புள்ளியும் மட்டும்தான் எரியும், எழுத்து எரியாது. E வந்ததும் அங்கேயே நிறுத்திவிடுகிறது. மிச்சம் ஒன்பது புள்ளி பூஜ்யம். பதிவேட்டில் மட்டும் சரியாக ஏறுகிறது. என் சோதனை போன எண் திரும்பி வந்ததா என்று மட்டுமே பார்த்தது. அது வந்தது. நடுவில் ஒரு மனுஷி அதைப் படிக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நீ பார்த்தது ஒன்பது. உன் கண்ணில் ஒரு பழுதும் இல்லை.

மேனேஜர் பார்கவியிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது அவருக்கு. "சும்னே இரு கிளெமென்ட். லீகல்ல பாத்து சொல்ற வரைக்கும் வெளிய ஒரு வார்த்த போகக் கூடாது. அடுத்த அப்டேட்ல சேத்து சரி பண்ணிடலாம், ஆய்த்தா?" என்றார், தன் கன்னடம் கலந்த தமிழில். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மடத்துக்குப் போன் செய்தேன். வாசல் சிஸ்டர் எடுத்தார். "தவக்காலம் தம்பி. சாவு, ஆபத்துன்னா மட்டும்தான் கூப்பிடுவோம். அப்படி ஏதாவதா?" என்றார். இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். வேலை போய்விடும், கேஸ் போடுவார்கள் என்ற பயம். நேற்று சாந்திநகர் பஸ் ஸ்டாண்டு வரை வந்து திருப்பத்தூர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

வெளியே சொல்லக் கூடாததை இப்போது சொல்லிவிட்டேன், ஈஸ்டர் வரை யாரும் பிரிக்காத கடிதத்தில். உன் அண்ணனின் தைரியம் இவ்வளவுதான்.

கிளெமென்ட்


(உறையின் மேல் சிவப்பு மையில்: மதர் அவர்களுக்கு. தவக்காலமானாலும் உடனே பிரிக்கவும். ஆபத்து.)

விவேக் நகர், பெங்களூரு
7 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய மதர் அவர்களுக்கு,

தங்கள் உடல்நலம் வேண்டி வணங்குகிறேன். தங்கள் மடத்து ஒழுங்கை மீறுவதற்கு மன்னிக்கவும்.

பச்சைக்குழந்தை வார்டில் எந்தக் குழந்தைக்கும் மாட்டாத ஒரு பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீர் ஊசியைப் பொருத்தி, அளவை 0.001இல் வைத்துவிட்டு ஒரு படி குறையுங்கள். கண்ணாடியில் என்ன எரிகிறது என்று தாங்களே பாருங்கள். டாக்டரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பம்ப்கள் எல்லாவற்றையும் வார்டிலிருந்து எடுத்துவிடுங்கள், பழையதைப் போடுங்கள். காரணம் முழுவதையும் மார்ச் மாதக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன், அது தங்கள் பேழையில் இருக்கிறது.

திருத்தம் ஜூலைக்குப் பிறகுதான் என்று கம்பெனியில் முடிவாகிவிட்டது. அதுவரை எத்தனை வார்டில் எத்தனை நர்ஸ் அந்த ஒன்பதைப் பார்ப்பார்களோ. என்னால் முடியவில்லை. பம்ப் வாங்கிய ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் நேற்று நானே மெயில் அனுப்பிவிட்டேன். இன்று காலை என் அடையாள அட்டை வாசலில் வேலை செய்யவில்லை.

என் தங்கை பொய் சொல்லவில்லை. தவறாகவும் பார்க்கவில்லை. அவள் வார்த்தைப்பாட்டைத் தாங்கள் நிறுத்தியிருந்தால், அந்தப் பம்பைச் சரியென்று கையெழுத்திட்ட என் பேச்சை நம்பி நிறுத்தியதாக ஆகும்.

தங்கள் ஆசியை வேண்டும்,
கிளெமென்ட்


மேட்டுக்கொட்டாய் மடம்
12 ஏப்ரல் 2025

அன்புள்ள திரு. கிளெமென்ட் அவர்களுக்கு,

இறைவனின் அமைதி உங்கள் இல்லத்தில் தங்குவதாக. என் சர்க்கரை கட்டுக்குள் இல்லை, கேட்டதற்கு நன்றி.

நீங்கள் சொன்னபடி டாக்டரும் நானும் இன்னும் இருவரும் பார்த்தோம். ஒன்பது புள்ளி பூஜ்யம். நான் மூன்று முறை செய்யச் சொன்னேன். பம்ப்களை அன்றே எடுத்துவிட்டோம்.

சிஸ்டர் பிலோமினாவை வார்டிலிருந்து எடுத்தவள் நான். விசாரணையில் உட்கார்ந்தவளும் நான். தன் கண்ணையே சந்தேகப்படும்படி அந்தப் பெண்ணைக் கேள்வி கேட்டிருக்கிறேன். உங்கள் பிப்ரவரிக் கடிதம் வந்தபோது என் தீர்ப்பு சரிதான் என்று நிம்மதி அடைந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவளிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் எழுதிய கடிதங்களையும் பேழையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன், பிரிக்காமல்.

அவள் கையில் இருந்த கீரையை ஆய்ந்து முடித்துவிட்டு எழுந்து போனாள். ஈஸ்டருக்குப் பிறகு எழுதுவாள்.

செபத்துடன்,
மதர் அலெக்சாந்திரினா


மேட்டுக்கொட்டாய்
23 ஏப்ரல் 2025

இயேசுவில் பாசமுள்ள அண்ணனுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உனக்கும் அம்மாவுக்கும். அம்மா ஈஸ்டருக்குக் கறி சமைத்தார்களா? நீ சாப்பிட்டாயா? வேலை போன செய்தியை அம்மாவிடம் நீயே சொல், வேறு யாரும் சொல்லித் தெரிய வேண்டாம்.

உன் கடிதங்களைப் படித்தேன். உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. பிப்ரவரிக் கடிதத்துக்காக அல்ல. வாசல் சிஸ்டரிடம் இல்லை என்று சொல்லி போனை வைத்தாயே, அதற்காக. ஏன் என்று சொல்கிறேன்.

தவக்காலத்தில் நாங்கள் யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்பது வழக்கம். உன் எண்கள் சரி என்று ஆன பிறகு என் கண்தான் பொய் என்று நான் நம்பிவிட்டேன். மார்ச் மாதக் கடைசியில் அந்தக் குழந்தையின் அம்மாவைத் தேடிப் போனேன். சிந்து என்று பெயர், என்னைவிடச் சின்னப் பெண், மலைக்குக் கீழே ஊர். நீ போன் செய்த பிறகுதான் நான் போனேன், அண்ணா. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன். உன் பிள்ளைக்குப் போய்க்கொண்டிருந்த மருந்தை நான் தவறாகப் பார்த்து நிறுத்திவிட்டேன் என்று அவள் காலடியில் உட்கார்ந்து சொன்னேன். அவள் வெகு நேரம் அழுதாள். பிறகு என் தலையில் கை வைத்து, "தெரிஞ்சா செஞ்சிருப்ப? எந்திரி சிஸ்டர், கஞ்சி குடிச்சிட்டுப் போ" என்றாள். குடித்தேன். அன்று இரவுதான் டிசம்பருக்குப் பிறகு முதல்முறையாகத் தூங்கினேன்.

மதர் உண்மையைச் சொன்னதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நான் பெற்ற மன்னிப்பு எனக்குரியது அல்ல என்றுதான் தோன்றியது. ஈஸ்டர் திங்கட்கிழமை மறுபடி சிந்துவிடம் போனேன். கண்ணாடியில் ஒன்பது எரிந்ததையும், மெஷின்தான் தப்பாகக் காட்டியது என்பதையும் முடிந்தவரை புரியும்படி சொன்னேன். அவள் துவைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டாள்.

"அப்போ நீ தப்பு பண்ணல."

"இல்ல சிந்து."

"போன தடவ நீ வந்தப்போ, சரி, மனுஷி, கண்ணு தவறிடுச்சுன்னு மனச ஆத்திக்கிட்டேன். இப்போ மெஷின்னு வந்து சொல்ற. மெஷின நான் எப்படி சிஸ்டர் மன்னிக்கிறது?" என்று கேட்டாள். அவளே தொடர்ந்து, "அத யாராச்சும் பாத்து, சரியா இருக்குன்னு சொல்லித்தானே குடுத்திருப்பாங்க? யாரு பாத்தது?" என்றாள்.

எங்கள் அண்ணன் என்று சொன்னேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு, "அவர வரச் சொல்லு" என்றாள்.

ஜூன் மாதத் தேதி அப்படியே இருக்கட்டும் என்று மதர் சொல்கிறார். பிறகு சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீ முதலில் வந்து போ. திருப்பத்தூரில் இறங்கினால் காலையில் ஒரு டவுன் பஸ் மலையடிவாரம் வரை வரும். நான் அங்கே நிற்பேன், மதர் அனுமதி கொடுத்துவிட்டார். அவளிடம் என்ன பேசுவது என்று என்னிடம் கேட்காதே, எனக்கும் தெரியாது. வந்துவிடு.

உன் தங்கை,
பிலோ